யூனிவர்சிட்டி பாடமும் நடத்தி வேலையும் வாங்கித் தரணுமா?

நீங்க கேட்டது இதான்: எல்லா பல்கலைக்கழகமும் மாணவர்களுக்கு பிளேஸ்மென்ட் திட்டம்னு ஒண்ணு வைக்கணுமா, இல்ல பாடம் நடத்தி டிகிரி குடுத்தா அவங்க கடமை முடிஞ்சுதா. இதப் பத்தி பேச்சு வந்தாலே பாதி பேர் "ஃபீஸ் வாங்குறான்ல, வேலையும் வாங்கித் தரட்டும்"னு நிப்பாங்க, மீதி பாதி "யூனிவர்சிட்டி என்ன ஆள் பிடிச்சுக் குடுக்கற ஏஜென்சியா"ன்னு கேப்பாங்க. என் பதில்: வைக்கணும், கண்டிப்பா வைக்கணும். ஆனா அந்த ஆபீஸ் யாருக்காக வேலை பாக்குதுன்னு முதல்ல கேக்கணும். மாணவனுக்காகவா, ஆள் எடுக்க வர்ற கம்பெனிக்காகவா, இல்ல அடுத்த வருஷ அட்மிஷன் விளம்பரத்துக்காகவா? மூணுக்கும் வெளில போர்டு ஒண்ணு தான், உள்ள நடக்கறது வேற வேற.

ஒரு யூனிவர்சிட்டி கரியர் ஆபீஸ்ல சில வருஷம் உக்காந்து இதே வேலைய பாத்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

முதல்ல அந்த "அறிவுக்கான இடம், வேலைக்கான இடம் இல்ல" வாதத்த பாத்துருவோம். கேக்க நல்லா தான் இருக்கு, வரலாறு அப்படி இல்ல. ஐரோப்பால பல்கலைக்கழகம்னு ஆரம்பிச்ச காலத்துல மேல் படிப்புன்னு இருந்ததே மூணு: இறையியல், சட்டம், மருத்துவம். அதாவது பாதிரியார், வக்கீல், டாக்டர். இத்தாலில இருக்கற பழைய பொலோனியா பல்கலைக்கழகத்துக்கு பேர் வந்ததே சட்டப் படிப்பால தான். அறிவ அறிவுக்காகவே தேடணும்ங்கற எண்ணம் பலமா வேர் விட்டது 1810ல பெர்லின்ல ஹும்போல்ட் கொண்டு வந்த பல்கலைக்கழகத்துக்கு அப்புறம், அங்க படிச்சவங்கள்லயும் நிறைய பேர் அரசாங்க உத்யோகத்துக்கும் பள்ளிக்கூட வாத்தியார் வேலைக்கும் தான் போனாங்க. ஆக்ஸ்ஃபோர்டு 1892லயே பட்டதாரிகளுக்கு வேலை தேடிக் குடுக்க ஒரு கமிட்டி போட்டிருச்சு. பாஸ்டன்ல ஃபிராங்க் பார்சன்ஸ்ங்கறவர் 1908ல இளைஞர்களுக்கு தொழில் ஆலோசனை சொல்ல தனியா ஒரு அலுவலகமே திறந்தார். அதனால இது நேத்து வந்த மார்க்கெட்டிங் வியாதின்னு சொல்றவங்களோட எனக்கு ஒத்துப் போகாது. வியாதி இருக்கு, ஆனா அது வேற இடத்துல இருக்கு, வர்றேன்.

பிளேஸ்மென்ட்னு சொல்லும்போது பெரும்பாலானவங்க மனசுல வர்றது கடைசி வருஷம் கம்பெனிக்காரங்க கேம்பஸுக்கு வந்து, டெஸ்ட் வச்சு, இன்டர்வியூ எடுத்து, ஆஃபர் லெட்டர் குடுக்கறது. உண்மைல இது கடைசிப் படி, அதுவும் ரொம்ப மெல்லிசான படி. அதுக்கு முன்னாடி என்னென்ன வேலை இருக்குன்னு சொல்ற ஆலோசனை இருக்கு, ரெஸ்யூமே, இன்டர்வியூ மாதிரியான பயிற்சி இருக்கு, முன்னாள் மாணவர்களோட கோர்த்து விடறது இருக்கு, எல்லாத்துக்கும் மேல படிப்புக்குள்ளயே வேலைய கலக்கறதுன்னு ஒண்ணு இருக்கு. இந்த கடைசி வகை தான் என்னப் பொறுத்தவரைக்கும் நிஜமான சரக்கு.

1906ல அமெரிக்காவுல சின்சினாட்டி பல்கலைக்கழகத்துல ஹெர்மன் ஷ்னைடர்னு ஒரு இன்ஜினியரிங் பேராசிரியர் இத ஆரம்பிச்சார். 27 மாணவர்கள். ஒரு வாரம் கிளாஸ், அடுத்த வாரம் ஃபேக்டரி, திரும்ப கிளாஸ். ஒருத்தன் கிளாஸ்ல இருக்கும்போது அவனோட ஜோடி மெஷின் பக்கத்துல நிப்பான், அப்புறம் மாத்திக்குவாங்க, கம்பெனிக்கு ஒரு இடம் காலியாவே இருக்காது. இதுக்கு கோ-ஆப்னு பேர் வந்துச்சு. கனடாவுல வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957ல ஆரம்பிக்கும்போதே இந்த முறையோட தான் ஆரம்பிச்சுது, இப்பவும் அங்க இன்ஜினியரிங் பசங்க பொதுவா நாலு மாசம் படிப்பு நாலு மாசம் வேலைன்னு மாறி மாறி போறாங்க, வேலைக்கு சம்பளமும் உண்டு. ஜெர்மனில பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல 1974ல இன்னும் ஒரு படி மேல போனாங்க, மாணவன் முதல்ல ஒரு கம்பெனியோட ஒப்பந்தம் போடணும், அப்புறம் தான் சீட்டு. மூணு மாசம் வகுப்பு, மூணு மாசம் கம்பெனி, படிக்கிற காலம் முழுக்க கம்பெனி சம்பளம் தரும். 2009ல அது முழு உயர்கல்வி நிறுவனமாவே ஆயிருச்சு.

இதுல எனக்கு பிடிச்சது சம்பளம் இல்ல (அதுவும் பிடிக்கும்னு வச்சுக்கங்க). ரெண்டாவது வருஷமே ஒரு பொண்ணு ஒரு வேலைய நாலு மாசம் செஞ்சு பாத்துட்டு "ஐயோ இது எனக்கு செட் ஆகாது"ன்னு தெரிஞ்சுக்கறா பாருங்க, அது. அதே பாடத்த டிகிரி முடிச்சு, கடன் வாங்கி, வேலைல சேந்து, ரெண்டு வருஷம் கழிச்சு கத்துக்கிட்டா அதோட விலை எவ்வளவு? கேம்பஸ் இன்டர்வியூல அரை மணி நேரத்துல கம்பெனியும் மாணவனும் ஒருத்தர ஒருத்தர் அளந்துக்கறதா சொல்றாங்க, எனக்கு அதுல பெரிய நம்பிக்கை கிடையாது. மைக்கேல் ஸ்பென்ஸ்ங்கற பொருளாதார அறிஞர் 1973ல எழுதின பேப்பர்ல இதான் விஷயம், வேலைக்கு எடுக்கறவனுக்கு உள்ள இருக்கற திறமை கண்ணுக்கு தெரியாது, அதனால டிகிரி மாதிரி வெளில தெரியற ஒரு அடையாளத்த வச்சு ஊகிக்கிறான். பின்னாடி 2001ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சதுல இந்த வேலைக்கு பெரிய பங்கு உண்டு. கோ-ஆப்ல அந்த ஊகம் பெருசா குறைஞ்சிருது, ஏன்னா ஆளு வேலை செஞ்சதயே பாத்தாச்சு.

சரி, அப்போ எல்லாரும் கோ-ஆப் வைக்க வேண்டியது தானே? வைக்கலாம், ஆனா செலவு ஜாஸ்தி. ஒவ்வொரு மாணவனுக்கும் வேலை தேடணும், போன இடத்துல என்ன பண்றான்னு பாக்கணும், கம்பெனி காபி வாங்க அனுப்பறானா வேலை குடுக்கறானான்னு கண்காணிக்கணும், கால அட்டவணையவே மாத்தணும், சில படிப்பு ஒரு வருஷம் நீளும். சுத்துவட்டாரத்துல கம்பெனியே இல்லாத இடத்துல இருக்கற பல்கலைக்கழகத்துக்கு இது ரொம்ப கஷ்டம். இதயெல்லாம் செய்யாம "ஆறு மாசம் இன்டர்ன்ஷிப் கட்டாயம், நீங்களே தேடிக்கங்க, சர்ட்டிஃபிகேட் கொண்டு வாங்க"ன்னு ஒரு ரூல் மட்டும் போட்டா, அப்பா மாமா யாராச்சும் தெரிஞ்சவங்க வச்சிருக்கறவன் நல்ல எடத்துக்கு போவான், மத்தவன் காசு குடுத்து சர்ட்டிஃபிகேட் வாங்குவான்.

இப்போ ஏன் "கண்டிப்பா வைக்கணும்"னு சொன்னேன்ங்கறதுக்கு வர்றேன். மார்க் கிரானோவெட்டர்னு ஒரு சமூகவியலாளர், 1973ல வந்த அவரோட ஆய்வு ரொம்ப பிரபலம். பாஸ்டனுக்கு பக்கத்துல ஒரு ஊர்ல வேலை மாறினவங்க கிட்ட போய் எப்படி கிடைச்சுதுன்னு கேட்டார். தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்கள்ல, அந்த ஆள அடிக்கடி பாத்துட்டு இருந்தவங்க 16.7 சதவீதம் தான், எப்பவாச்சும் பாக்கறவங்க 55.6, ரொம்ப அரிதா பாக்கறவங்க 27.8. நெருங்கின நண்பன் நமக்கு தெரிஞ்சதயே தான் தெரிஞ்சு வச்சிருப்பான், புது தகவல் தூரத்துல இருக்கற ஆள் கிட்டருந்து தான் வருது. இப்போ வீட்லயே முதல் முதல்ல காலேஜ் போற ஒரு பையன நினைச்சுக்கங்க. அவனுக்கு நெருங்கின சொந்தம் நிறைய இருக்கும், ஆனா ஆபீஸ்ல இருக்கற அந்த தூரத்து பழக்கம்னு யாரு இருக்கா? என்னென்ன வேலை இந்த உலகத்துல இருக்குன்னே அவனுக்கு தெரியாது, ஆக்சுவரின்னு (இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு ரிஸ்க்க கணக்கு போட்டு சொல்றவங்க) ஒரு தொழில் இருக்குன்னு கேள்விப்படாமயே கணக்குல டிகிரி முடிச்சவங்கள நான் பாத்திருக்கேன். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இந்த தகவல் எல்லாம் சாப்பாட்டு மேஜைலயே வந்துரும். பல்கலைக்கழகம் "நாங்க பாடம் மட்டும் நடத்துவோம்"னு ஒதுங்கிட்டா அது ஒண்ணும் நடுநிலை ஆகாது, ஏற்கனவே ஆள் பலம் இருக்கறவனுக்கு வழி விடறதா தான் போய் முடியும்.

ஆனா ஒரு கசப்பான ஆராய்ச்சிய சொல்லாம விட முடியாது, பிளேஸ்மென்ட் பிரியர்கள் யாரும் இத சொல்ல மாட்டாங்க. பிரான்ஸ்ல 2007, 2008 வாக்குல பொருளாதார அறிஞர்கள் எஸ்தர் டுஃப்லோ (2019ல நோபல் வாங்கினாங்களே அவங்க தான்), ப்ரூனோ க்ரெபோன் எல்லாம் சேந்து ஒரு பெரிய சோதனை பண்ணாங்க. காலேஜ் படிச்சுட்டு வேலை இல்லாம இருந்த இளைஞர்கள், 235 வட்டாரம். சில வட்டாரத்துல யாருக்கும் உதவி இல்ல, சிலதுல கால்வாசி பேருக்கு, சிலதுல பாதி, சிலதுல எல்லாருக்கும், இப்படி குலுக்கல் போட்டு வேலை தேடிக் குடுக்கற தீவிர உதவி குடுத்தாங்க. எட்டு மாசத்துல உதவி கிடைச்சவங்க, கிடைக்காதவங்கள விட கூடுதலா நிலையான வேலைல சேந்திருந்தாங்க. சூப்பர்னு கைதட்டறதுக்கு முன்னாடி அடுத்தத கேளுங்க: அந்த லாபத்துல ஒரு பகுதி, அதே வட்டாரத்துல உதவி கிடைக்காம போனவங்களோட வாய்ப்புலருந்து வந்தது. அதுவும் வேலை குறைவா இருந்த வட்டாரங்கள்ல இது இன்னும் மோசம். அந்த லாபமும் ரொம்ப நாள் நிக்கல. நாற்காலி விளையாட்டு மாதிரி தான், ஒருத்தனுக்கு வேகமா ஓட கத்துக் குடுத்தா அவன் உக்காந்துருவான், நாற்காலி எண்ணிக்கை மாறப் போறது இல்ல.

இதுலருந்து "அப்போ பிளேஸ்மென்ட் வேஸ்ட்"னு முடிவுக்கு வரக் கூடாது. ரெஸ்யூமே பாலிஷ் பண்றதும், இன்டர்வியூ டிரிக் சொல்லிக் குடுக்கறதும், நம்ம காலேஜ் பசங்கள வரிசைல முன்னாடி தள்ளறதும் பெரும்பாலும் நாற்காலி பிடிக்கற வேலை. ஆனா ஒருத்தன் திறமைய கூட்டறது, சரியான ஆள சரியான வேலைல சேக்கறது, தெரியாத துறைய தெரிய வைக்கறது, அங்க மொத்தத்துக்கே லாபம் இருக்கு. வரிசைல தள்ளறதுலயும் ஒரு நியாயம் உண்டு, ஏற்கனவே பின்னாடி நிக்கறவன தள்ளினா. ஏற்கனவே முன்னாடி நிக்கறவன இன்னும் தள்ளறதுக்கு எதுக்கு ஒரு ஆபீஸ்?

ஆனா நடக்கறது பெரும்பாலும் அது தான். கம்பெனி வருது, மார்க் கட்-ஆஃப் போடுது, மேல இருக்கற கொஞ்ச பேர் எல்லா இன்டர்வியூலயும் உக்காந்து ஆளுக்கு ரெண்டு மூணு ஆஃபர் வாங்கிடறாங்க, ஆபீஸ் "இத்தன ஆஃபர்"னு போர்டு வைக்குது. இந்த ஆபீஸ் இல்லாமலே அந்த பசங்களுக்கு வேலை கிடைச்சிருக்கும்ங்க. கட்-ஆஃபுக்கு கீழ இருக்கற பாதி கிளாஸ் அந்த ஹாலுக்குள்ளயே வரல. ஆள் சேக்கறதுக்கு கம்பெனி பண்ண வேண்டிய செலவ, அதே பாதி கிளாஸும் சேத்து கட்டின ஃபீஸ்ல யூனிவர்சிட்டி பண்ணிக் குடுக்குது, அவ்ளோ தான். இத தடுக்க சில இடங்கள்ல ஒரு ஆஃபர் வாங்கினா அடுத்த இன்டர்வியூக்கு வரக் கூடாதுன்னு ரூல் வைப்பாங்க. நோக்கம் நல்லது, ஆனா முதல்ல வந்த சுமாரான கம்பெனில சிக்கிட்டு, பிடிச்ச கம்பெனி வரும்போது வெளில நின்னு பாக்கற கொடுமை அதுல இருக்கு. நான் இருந்த இடத்துல இந்த ரூல ரெண்டு விதமாவும் மாத்தி மாத்தி வச்சு பாத்தாங்க, ரெண்டு தடவையும் வேற வேற கூட்டம் திட்டுச்சு.

இன்னொரு பக்கம், கலை, மொழி, வரலாறு, அடிப்படை அறிவியல் படிக்கறவங்க. கும்பலா ஆள் எடுக்கற கம்பெனி இவங்கள தேடி வராது, இவங்களுக்கான வேலை ஒண்ணு ஒண்ணா, சின்ன சின்ன எடத்துல, வருஷத்துல வேற வேற நேரத்துல வரும். அத தேடிப் பிடிக்கறது உழைப்பு, ஒரு கம்பெனிக்கு போன் பண்ணி நூறு பேர எடுக்க வைக்கறது சுலபம். எண்ணிக்கைய வச்சு தன்ன அளக்கற ஆபீஸ் எத செய்யும்னு நினைக்கறீங்க?

இப்போ அந்த எண்ணிக்கைக்கே வருவோம், வியாதி இருக்கறது இங்க தான். "95 சதவீதம் பிளேஸ்மென்ட்"னு பாத்தா முதல்ல கேக்க வேண்டியது: எதுல 95? மொத்த பேட்ச்லயா, இல்ல "தகுதியுள்ள, பதிவு செஞ்ச" மாணவர்கள்லயா? அரியர் வச்சவன் தகுதி இல்லன்னு கழிச்சாச்சு, மேல படிக்க போறவன் கழிச்சாச்சு, சர்வேக்கு பதில் சொல்லாதவன் கழிச்சாச்சு, நொந்து போய் பதிவே பண்ணாதவன் கழிச்சாச்சு, மிச்சம் இருக்கறவன்ல 95. அடுத்தது, ஆஃபர எண்ணினாங்களா ஆள எண்ணினாங்களா. அடுத்தது, ஆஃபர் வந்தவங்க நிஜமா ஜாயின் பண்ணாங்களா, எந்த தேதில. அப்புறம் "அதிகபட்ச சம்பளம்"னு ஒரு எண்ணு போடுவாங்க பாருங்க, ஒரே ஒருத்தன் வாங்கினது, அதுல உங்களுக்கு ஒரு தகவலும் இல்ல. சராசரி கூட ஏமாத்தும், பெரிய சம்பளம் ரெண்டு மூணு வந்தாலே தூக்கிடும், நடுவுல நிக்கறவன் சம்பளம், அதாவது மீடியன் தான் ஓரளவு உண்மை பேசும். இந்திய அரசாங்கம் கல்லூரிகளுக்கு போடற என்ஐஆர்எஃப் தர வரிசைல மீடியன் சம்பளத்த கேக்கறது அந்த வகைல சரியான முடிவு.

எண்ணு எவ்வளவு தூரம் கொண்டு போகும்னு பாக்கணும்னா அமெரிக்காவுல கொரிந்தியன் காலேஜஸ்னு ஒரு லாப நோக்கு கல்லூரி நிறுவனம் இருந்துச்சு, அந்த கதைய பாக்கலாம். அதோட ஹீல்ட் காலேஜ் பிளேஸ்மென்ட் சதவீதத்த திரிச்சு காட்டினதுன்னு 2015 ஏப்ரல்ல அமெரிக்க கல்வித் துறை கிட்டத்தட்ட 3 கோடி டாலர் அபராதம் போட்டுச்சு. கண்டுபிடிச்சதுல ஒண்ணு என்னன்னா, தற்காலிக ஆள் அனுப்பற ஏஜென்சிக்கு காலேஜே காசு குடுத்து, தன்கிட்ட படிச்சவங்களயே ரெண்டு நாள் வேலைக்கு எடுக்க வச்சு, கம்ப்யூட்டர தூக்கி வைக்கறது கேபிள அடுக்கறது மாதிரி வேலை குடுத்து, "பிளேஸ் ஆயிட்டாங்க"ன்னு கணக்குல ஏத்திருக்காங்க. அந்த மாசமே மிச்சம் இருந்த கேம்பஸ் எல்லாத்தயும் இழுத்து மூடிட்டாங்க, படிச்சுட்டு இருந்தவங்க நடுத்தெருவுல. அதே நாட்டுல சட்டக் கல்லூரிகள்லயும் 2011 வாக்குல இதே பஞ்சாயத்து, காபி கடைல வேலை பாக்கற சட்டப் பட்டதாரியும் "வேலைல இருக்கார்"னு கணக்கு. மாணவர்கள் கேஸ் போட்டாங்க, கேஸ் பெரும்பாலும் நிக்கல, ஆனா அதுக்கப்புறம் முழுநேரமா பகுதிநேரமா, நீண்டகாலமா குறுகியகாலமா, வக்கீல் தகுதி தேவைப்படற வேலையா, காலேஜே காசு குடுத்து வச்சிருக்கற வேலையான்னு பிரிச்சு பிரிச்சு காட்டணும்னு வக்கீல் சங்கம் விதிய இறுக்குச்சு. கேஸ்ல தோத்தும் அந்த பசங்க ஒரு நல்ல காரியம் பண்ணிட்டு போனாங்கன்னு தான் சொல்வேன்.

அளக்கற நேரமும் முக்கியம். பிரிட்டன்ல முன்னாடி படிப்பு முடிச்சு ஆறு மாசத்துல சர்வே எடுத்துட்டு இருந்தாங்க, இப்போ 15 மாசம் கழிச்சு எடுக்கறாங்க, கூடவே இந்த வேலை உனக்கு அர்த்தமுள்ளதா இருக்கா, படிச்சத பயன்படுத்தறியான்னும் கேக்கறாங்க. ஆறாவது மாசம் ஏதோ ஒரு கடைல பில் போட்டுட்டு இருந்தவன் பதினஞ்சாவது மாசம் தனக்கான இடத்துக்கு வந்திருப்பான், கேம்பஸ்ல முதல்லயே ஆஃபர் வாங்கினவன் அதுக்குள்ள வெறுத்துப் போய் வெளில வந்திருப்பான்.

கம்பெனிக்கு ஏத்த மாதிரி சிலபஸ மாத்தணும்னு ஒரு கோஷ்டி இருக்கு, அவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். எரிக் ஹனுஷெக்ங்கற பொருளாதார அறிஞரும் இன்னும் சிலரும் 11 நாட்டு தகவல வச்சு 2017ல வெளியிட்ட ஆய்வுல பாத்தது: தொழிலுக்குன்னே குறுகலா பயிற்சி எடுத்தவங்க சின்ன வயசுல சுலபமா வேலைக்கு போயிடறாங்க, வயசு ஏற ஏற அந்த அனுகூலம் குறைஞ்சு, பொதுவான படிப்பு படிச்சவங்க முந்திடறாங்க. தொழில் மாறும்போது ஒட்டிக்க முடியாம போறது தான் காரணம்னு சொல்றாங்க. பயிற்சி முறை ரொம்ப பலமா இருக்கற ஜெர்மனி, டென்மார்க், சுவிட்சர்லாந்துல தான் இது நல்லா தெரிஞ்சுதாம். மேல நான் புகழ்ந்த ஜெர்மன் மாடலுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்துமான்னு நீங்க கேட்டா, கொஞ்சம் பொருந்தும், ஆனா வேலை அனுபவம் வேற, சிலபஸயே ஒரு கம்பெனியோட இந்த வருஷ சாஃப்ட்வேருக்கு எழுதிக் குடுக்கறது வேற. ரெண்டாவது தான் ஆபத்து. அந்த சாஃப்ட்வேர கம்பெனி ரெண்டு மாசத்துல சொல்லிக் குடுத்துக்கும், அதுக்கு பதிலா புள்ளியியலயோ ஒழுங்கா ஒரு பக்கம் எழுதறதயோ வெட்டினீங்கன்னா அத அப்புறம் யாரும் அவனுக்கு சொல்லித் தர மாட்டாங்க.

"100 சதவீதம் வேலை உத்தரவாதம்"னு விளம்பரம் பாத்தா எனக்கு சிரிப்பு வராது, பயம் தான் வரும். வேலை எவ்வளவு இருக்குங்கறது பல்கலைக்கழகத்து கைல இல்ல. பொருளாதார மந்தம் வந்தா போன வருஷம் ஆள் எடுத்தவனே இந்த வருஷம் குடுத்த ஆஃபரயும் தள்ளிப் போடுவான், சமயத்துல ரத்தும் பண்ணுவான். மந்தத்துல டிகிரி முடிக்கறது எவ்வளவு காயப்படுத்தும்னு கனடாவுல ஓரியோபொலஸ், வான் வாக்டர், ஹைஸ்னு மூணு பொருளாதார ஆய்வாளர்கள் பாத்தாங்க (2012ல வந்துச்சு): ஆரம்பத்துல வருமானம் ஒரு 9 சதவீதம் போல குறையுது, சரியாக கிட்டத்தட்ட பத்து வருஷம் ஆகுது, பின்தங்கினவங்களுக்கு அடி இன்னும் பலம். மீண்டு வந்தவங்க எப்படி மீண்டாங்கன்னா, முதல்ல கிடைச்ச சுமாரான கம்பெனிலருந்து படிப்படியா நல்ல கம்பெனிக்கு மாறி மாறி.

இத படிச்சதும் எனக்கு தோணினது, கரியர் ஆபீஸ் ஏன் பட்டமளிப்பு விழாவோட கதவ சாத்துது? உதவி ரொம்ப தேவைப்படறது அதுக்கப்புறம் மூணாவது நாலாவது வருஷத்துல தானே. கதவு ஒரே ஒரு தடவ தான் திறக்கும்னா என்ன ஆகும்ங்கறதுக்கு ஜப்பான் உதாரணம். அங்க பெரிய கம்பெனிங்க படிப்பு முடிக்கப் போறவங்கள மொத்தமா ஒரே சீசன்ல எடுக்கும், முறையான ஆஃபர் கடைசி வருஷம் அக்டோபர் 1ல இருந்து. 1990கள்ல பொருளாதாரம் படுத்தப்போ அந்த சீசன தவற விட்ட ஒரு தலைமுறையே ஒழுங்கான வேலைக்குள்ள நுழைய முடியாம தற்காலிக வேலைலயே சுத்துச்சு. படிச்சு முடிச்சு மூணு வருஷம் வரைக்கும் புது பட்டதாரியா நடத்துங்கன்னு 2010ல அரசாங்கம் கம்பெனிங்கள கேட்டுக்கிச்சு, 2019ல அந்த தலைமுறைக்கு, அப்போ அவங்களுக்கு நாப்பது வயசு வாக்குல, தனியா ஒரு திட்டமே போட வேண்டி வந்துச்சு.

அப்போ எப்படி வைக்கணும்? என் கைல குடுத்தா கடைசி வருஷ திருவிழாவ சின்னதாக்கிட்டு முதல் ரெண்டு வருஷத்துல காச போடுவேன். முதல் வருஷமே ஒவ்வொரு மாணவனும் ரெண்டு மூணு வேற வேற தொழில்ல இருக்கற முன்னாள் மாணவர்களோட உக்காந்து பேசியாகணும், மேடை பேச்சு வேணாம், மோட்டிவேஷன் வேணவே வேணாம், "காலைல ஆபீஸ் போனா என்ன பண்றீங்க"ன்னு கேக்கற மாதிரி பேச்சு. ரெண்டாம் வருஷம் முடியறதுக்குள்ள எல்லாருக்கும் ஒரு சம்பளமுள்ள வேலை அனுபவம், அத தேடிக் குடுக்கற பொறுப்பு ஆபீஸோடது. விருப்பப்பட்டவன் வரட்டும்னு போர்டு மாட்டிட்டு உக்காந்தா வர்றது ஏற்கனவே விவரமானவன் தான், இத கண்ணால பாத்திருக்கேன், தேவைப்படறவன் கதவு வரைக்கும் வந்து கூச்சத்துல திரும்பிப் போவான். அதனால துறை வாரியா ஒரு ஆள போட்டு கிளாஸுக்குள்ளயே போகணும். ஆபீஸோட வெற்றிய மேல் கால்வாசி வாங்கின பேக்கேஜ வச்சு அளக்கக் கூடாது, கீழ் பாதி எங்க போச்சுன்னு பாக்கணும். தனியா "பிளேஸ்மென்ட் ஃபீ"ன்னு வாங்கக் கூடாது, வாங்கினா கட்ட முடியாதவன் தான் முதல்ல வெளில போவான். இன்டர்வியூ சீசன்ல கிளாஸ் காலியா கிடக்கறதுக்கு ஒரு வரம்பு வேணும். படிச்சு முடிச்சு அஞ்சு வருஷம் வரைக்கும் கதவு திறந்திருக்கணும். சின்ன பல்கலைக்கழகம்னா தனியா முடியாது, பக்கத்துல இருக்கற நாலஞ்சு சேந்து ஒரு ஆபீஸ் நடத்தலாம், கம்பெனிக்கும் ஒரே இடத்துல வர்றது வசதி.

பேராசிரியர்கள் சிலர் "இதுக்கு செலவு பண்ற காசுல ரெண்டு வாத்தியார் போடலாமே"ன்னு சொல்வாங்க. வாத்தியாரே இல்லாத டிபார்ட்மென்ட்டா இருந்தா அவங்க சொல்றது தான் சரி, முதல்ல வாத்தியார போடுங்க. ஒழுங்கா படிக்காதவனுக்கு எந்த ஆபீஸாலயும் வேலை வாங்கித் தர முடியாது.

அரசாங்கம் சட்டம் போட்டு கட்டாயமாக்கணுமான்னும் கேட்டிருந்தீங்க. பிளேஸ்மென்ட் சதவீதத்த கட்டாயமாக்கினா பொய் தான் கூடும், வேலை கூடாது. கணக்க வெளிப்படையா காட்டறத கட்டாயமாக்கலாம்: மொத்த பேட்ச் எத்தன, யாரு எங்க போனாங்க, மீடியன் என்ன, பதில் வராதவங்க எத்தன, வெளி ஆள் தணிக்கை. அமெரிக்காவுல மாணவர்களோட படிப்புக் கடனுக்கும் படிச்சு முடிச்சு வாங்கற வருமானத்துக்கும் உள்ள விகிதத்த வச்சு கல்லூரிகள கண்டிக்க 2014ல விதி கொண்டு வந்தாங்க, 2019ல தூக்கினாங்க, 2023ல திரும்ப கொண்டு வந்தாங்க, ஆட்சி மாற மாற இது ஆடிக்கிட்டே இருக்கு, அதனால விதிய மட்டும் நம்பி இருக்காதீங்க. நீங்க சேரப் போற இடத்துல நேரா போய், உங்க துறைல போன வருஷம் பாஸ் பண்ணவங்க மொத்தம் எத்தன பேர், அதுல வேலை கிடைக்காதவங்க எத்தன பேர், அவங்களுக்கு இப்போ ஆபீஸ் என்ன பண்ணிட்டு இருக்குன்னு கேளுங்க. மொத ரெண்டுக்கு பதில் சொல்லிருவாங்க. மூணாவதுக்கு ஆபீஸ்ல யாராச்சும் பேர் பேரா சொல்ல ஆரம்பிச்சா அங்க தைரியமா சேரலாம்.